முதுகில் ஒரு கண்: ஈசிஆர் மாலை ரைடில் கார்மின் வாரியா

கூட்டமாக சைக்கிளில் போகும்போது பின்னால் வரும் வண்டியை யார் கவனிப்பது? கிளப் ரைடுகளில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. கடைசியில் வரும் ‘ஸ்வீப்’ திரும்பிப் பார்த்து, “கார் பேக்!” என்று கத்துவார். முன்னால் போகிறவர்கள் அதை வாய்வழியாகக் கடத்துவார்கள். கடற்காற்று எதிரே அடித்தால் அந்தச் சத்தம் மூன்றாவது ஆளைத் தாண்டாது. தவிர, இருட்டில் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் சைக்கிள் கொஞ்சம் வலப்பக்கம் சாயும். வண்டி வருவதும் அந்தப் பக்கம்தான்.

இந்த வேலையை எடுத்துக்கொள்கிறேன் என்று வந்திருப்பதுதான் கார்மின் வாரியா ஆர்டிஎல்515. சீட் போஸ்ட்டில் மாட்டும் 71 கிராம் சிவப்பு விளக்கு; உள்ளே ரேடார். 2015-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் ஊரைச் சேர்ந்த ஐகுபு என்ற சிறு நிறுவனத்தை கார்மின் வாங்கியது. அவர்கள் செய்துவைத்திருந்த வேலைதான் வாரியா ரேடார்களுக்கு அடிப்படை. இந்த மாடல் வந்தது 2020-இல். பின்னால் 140 மீட்டர் வரை வண்டிகளைக் கண்டுபிடித்து, சைக்கிள் கம்ப்யூட்டரிலோ ஃபோனிலோ புள்ளிகளாகக் காட்டும். வண்டி நெருங்க நெருங்கப் புள்ளி மேலேறும். சாதாரணமாக வந்தால் மஞ்சள், வேகமாக வந்தால் சிவப்பு. கூடவே ஒரு ‘பீப்’.

திருவான்மியூரில் கிளம்பி, ஈசிஆரில் முட்டுக்காடு பாலம் வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவது எங்கள் வழக்கம். அந்த ரைடில் மாட்டிப் பார்த்தேன்.

பாலவாக்கம், நீலாங்கரை வழியே போகும்வரை இது வெறும் தொந்தரவு. ஆபீஸ் விடும் நேரம். பைக், கார், மாநகரப் பேருந்து எல்லாம் விடாமல் வருகின்றன. திரையின் ஓரத்தில் புள்ளிகள் ஓயவே இல்லை. எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் மணியை யார் கேட்பார்கள்? சத்தத்தை அணைத்துவிட்டேன். நம் ஊரில் பயப்பட வேண்டியது எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக்குக்குத்தான். அது முன்னால் வருகிறது. ரேடார் பார்ப்பதோ பின்னால்.

இன்னொன்றும் உண்டு. ரேடார் அளப்பது வண்டிக்கும் நமக்கும் உள்ள வேக வித்தியாசத்தை. நாம் 25-இல் போக, அதே 25-இல் ஒரு ஷேர் ஆட்டோ முதுகோடு ஒட்டி வந்தால் அது கணக்கில் வராது. ‘பின்னால் யாருமில்லை’ என்று திரை பச்சை காட்டும். அந்தப் பச்சையை நம்பி வலப்பக்கம் ஒதுங்கக் கூடாது.

சத்தத்தை மீண்டும் போட்டுக்கொண்டு குழுவின் நடுவில் போனால் வேறொரு வேடிக்கை. பின்னால் இருக்கும் நண்பர் முன்னுக்கு வர மிதித்ததும் இங்கே ‘பீப்’. கருவிக்கு அவரும் ஒரு வண்டிதான். லாரி வருகிறதென்று பதறித் திரும்பினால், அவர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறார்.

உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி, இருட்டியும் விட்ட பிறகு, ஸ்வீப் இடத்துக்கு மாறினேன். அங்கேதான் கருவி தன் குணத்தைக் காட்டியது. போக்குவரத்து குறைந்து, ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக வருகிறது. ‘பீப்’ கேட்கும்போது வண்டியின் சத்தம் காதில் விழுவதில்லை. ஒரு புள்ளி மெல்ல ஏறும். அது பாதி வந்த பிறகுதான் என்ஜின் சத்தம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாம் 25, பின்னால் வரும் பேருந்து 80 கி.மீ. வேகம் என்றால், 140 மீட்டரைக் கடக்க அதற்கு ஒன்பது நொடி ஆகும். “கார் பேக்!” என்று குரல் கொடுத்து, இரட்டை வரிசையில் பேசிக்கொண்டு போகிறவர்கள் ஒற்றை வரிசைக்கு வர அது தாராளம். சத்தமே போடாத மின்சார கார்களை முன்கூட்டியே சொல்வதில் காதை விட இது மேல். வருகிற வண்டி எந்த லேனில் வருகிறது, எவ்வளவு இடம் விட்டுத் தாண்டும் என்பதை மட்டும் இது சொல்லாது.

விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பகலில் மின்னும் நிலையில் 65 லூமென்; இரவில் மின்னுவதற்கு 29; ‘பெலட்டான்’ என்று ஒரு நிலை, வெறும் 8. பின்னால் வருபவர் கண் கூசாமல் இருக்க, குழுவில் போகிறவர்களுக்கென்றே வைத்தது இது. மலிவான மின்னும் விளக்கு ஒன்றின் பின்னால் ஒரு மணி நேரம் மிதித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் ஸ்வீப் இதைப் போடக் கூடாது. அவருக்குப் பின்னால் வருவது லாரி, கூசினால் கூசட்டும்.

சார்ஜ் பகல் நிலையில் 16 மணி நேரம், பெலட்டானில் 8, இரவு நிலையில் 6 என்கிறது நிறுவனம். மாலை ரைடுக்கு எதுவும் போதும். ஐபிஎக்ஸ்7 தரம் என்பதால் ஐப்பசி மழைக்குப் பயமில்லை. சார்ஜ் போட மட்டும் பழைய மைக்ரோ யுஎஸ்பி வயரைத் தேடி எடுக்க வேண்டும். தரையிலிருந்து 25 முதல் 120 செ.மீ. உயரத்துக்குள் மாட்டச் சொல்கிறார்கள். சீட்டுக்குக் கீழே பெரிய பை தொங்கவிடுகிறவர்கள் ரேடாரை அது மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிமுகமானபோது அமெரிக்காவில் விலை 200 டாலர். இந்தியாவில் பின்விளக்கு ஒன்றுக்கு இது பெரிய தொகை. விடியற்காலையில் தனியாக நெடுஞ்சாலையில் போகிறவரா? யோசிக்காமல் வாங்குங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது தண்டச் செலவு. கிளப் ரைடுக்கு ஆளுக்கொன்று வேண்டவே வேண்டாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்று வாங்கி, அன்றைய ஸ்வீப் யாரோ அவர் சைக்கிளில் மாட்டுங்கள். மற்றவர்களுக்குச் சாதாரண சிவப்பு விளக்கு போதும். அதை மட்டும் மின்னவிடாமல், சீராக எரியவிடுங்கள்.