பதனிட்ட உடலும் பேணப்பட்ட உறவும்: இன்காக்களின் மூதாதையர் வழிபாடு பற்றிய ஒரு நோக்கு

பண்டைய நாகரிகங்களைப் பற்றிய பொது நூல்களில், எகிப்தியருக்கு அடுத்தபடியாக இன்காக்களும் 'மம்மி' செய்தோர் என்ற வகையில் இடம்பெறுவதுண்டு. உடல் எவ்வாறு கெடாது காக்கப்பட்டது என்ற வினாவே அங்கு முதன்மை பெறுகின்றது. 'மம்மி' என்ற சொல்லே அதற்கு வழிகோலுகின்றது. நிலக்கீலைக் குறித்த பாரசீக, அரபு வழக்கிலிருந்து வந்த அச்சொல் பதனிடும் பொருளையே சுட்டுவதாகும். பெரு நாட்டின் கெச்சுவா மொழியிலோ மூதாதையரின் உடல் 'மல்கி' எனப்பட்டது. நடுதற்குரிய இளங்கன்றையும் அதே சொல் குறித்தது. முன்னையது தொழில்நுட்பத்தின் பெயர். பின்னையது உறவின் பெயர். இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாதவிடத்து, அன்றைய வழக்கத்தை மட்டுமன்றி, இன்று அந்தீஸ் மலைநாட்டில் நிலவும் மரித்தோர் வழிபாட்டையும் சரிவர விளங்கிக்கொள்ளல் இயலாது.

இன்கா மன்னன் இறந்ததும் ஆட்சியுரிமை அவன் மைந்தருள் ஒருவனைச் சேர்ந்தது. ஆனால் அவன் ஈட்டிய நிலங்களும் மாளிகைகளும் ஏவலாளரும் இறந்தவன் பெயரிலேயே நின்றன. அவற்றை நிருவகித்தோர், ஏனைய வழித்தோன்றல்கள் அடங்கிய 'பனாக்கா' என்னும் குலத்தினராவர். மல்கிக்கு உணவு படைக்கப்பட்டது; சோளத்திலிருந்து வடித்த 'சிச்சா' என்னும் மது வார்க்கப்பட்டது; விழாக்காலங்களில் அது தலைநகராகிய கூஸ்கோவின் பெருவெளிக்கு எடுத்துவரப்பட்டது. ஸ்பானியப் படைவீரராக வந்து 1571 இல் தம் நூலை எழுதிய பேத்ரோ பிசாரோ, திருமணமொன்றுக்கு அனுமதி கேட்கத் தாம் அனுப்பப்பட்ட நிகழ்ச்சியைக் கூறுகின்றார். உயிருள்ள தலைவன் ஒருவனைக் காணப்போவதாக அவர் எண்ணியிருந்தார். கண்டதோ துணியாற் சுற்றப்பட்ட உடலொன்றை. அதன் இருமருங்கும் அமர்ந்திருந்த ஆணும் பெண்ணும் அதன் சார்பிற் பேசினர். நாட்டின் சிறந்த பகுதியெல்லாம் இறந்தோர் வசமுள்ளதெனச் சினந்து, அவர்களைப் புதைத்துவிட உவாஸ்கார் மன்னன் முற்பட்டதாகவும் அவர் எழுதியுள்ளார்.

புதிய மன்னன் ஒவ்வொருவனும் தனக்கெனப் புதிய நிலம் தேட நேர்ந்தமையே பேரரசின் விரிவுக்கு உந்துசக்தியாயிற்று என ஜெஃப்ரி கொன்ராட், ஆர்தர் டெமரெஸ்ற் ஆகிய ஆய்வாளர் 1984 இல் வாதிட்டனர். பேரரசொன்றின் விரிவை ஒற்றைக் காரணத்தால் விளக்கும் இக்கூற்று முழுமையாக ஏற்கத்தக்கதன்று. எனினும் மல்கியின் புனிதம் நிலத்திலும் பிறர் உழைப்பிலும் வேரூன்றியிருந்தது என்பதை அது தெளிவுறுத்தியது.

இவ்வழிபாட்டைச் சித்திரிக்கும் இரு நூல்கள் ஒப்புநோக்கற்பாலன. ஒன்று, இன்கா அரசகுலத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் 1539 இல் கூஸ்கோவிற் பிறந்த கார்சிலாசோ டி லா வேகா 1609 இல் வெளியிட்ட வரலாறு. 1560 இல் ஸ்பெயினுக்குப் புறப்படுமுன், அதிகாரி போலோ டி ஒந்தெகார்தோவின் இல்லத்தில் ஐந்து அரச உடல்களை அவர் கண்டார். இமைமயிரும் உதிராது, கைகளை மார்பிற் குறுக்காக வைத்து அவை அமர்ந்திருந்தன. உவைனா கப்பாக் மன்னனது என அவர் கூறும் உடலின் விரலைத் தொட்டபோது அது மரம்போல் விறைத்திருந்தது. அவ்வுடல்கள் வெண்டுகில் போர்த்துத் தெருவழியே எடுத்துச் செல்லப்பட்டபோது மக்கள் மண்டியிட்டு அழுதனர். நெஞ்சைத் தொடும் இப்பகுதி இழந்த அரசொன்றுக்கான இரங்கலாகும். ஆயின், அவ்வுடல்களுக்காக உழைத்தோர் யாவர் என்ற வினா அதில் எழுவதில்லை.

மற்றையது, குவாமன் போமா ஏறத்தாழ 1615 இல் நிறைவுசெய்து, 1908 இல் கொப்பன்ஹேகன் அரச நூலகத்திற் கண்டெடுக்கப்பட்ட ஏடு. 398 சித்திரங்கள் கொண்ட அதில், நவம்பர் 'இறந்தோரைச் சுமக்கும் மாதம்' எனப்படுகின்றது. இறந்தோரை வெளியே எடுத்து, உணவும் மதுவும் ஆடையும் இறகும் அளித்து, பல்லக்கில் வீடுவீடாகச் சுமந்த செய்தியை அவர் தருகின்றார். சிலைவழிபாட்டைக் கண்டிக்கும் கிறிஸ்தவராயினும், மன்னரின் பெருமையாகவன்றி மக்களின் ஆண்டு வட்டத்து நிகழ்ச்சியாக அதனை அவர் காட்டியமை குறிப்பிடத்தக்கது.

பின்னைய வரலாறு இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை உணர்த்துகின்றது. போலோ கைப்பற்றிய அரச உடல்கள் லீமாவுக்கு அனுப்பப்பட்டு, சான் அந்திரேஸ் மருத்துவமனையில் வைக்கப்பட்டன. அவை இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை. பனாக்காக்களின் நிலமும் ஏவலாளரும் பறிபோனதும் அரச மல்கி வழிபாடு வீழ்ந்தது. கிராமத்து மூதாதையரின் நிலை வேறு. யேசுசபைத் துறவி அரியாகா 1621 இல் வெளியிட்ட நூலில், அழிப்பு நடவடிக்கையொன்றிற் கைப்பற்றிய மல்கிகள் 617 எனக் கணக்கிடுகின்றார். கோவிலிற் புதைத்த உடல்களையும் மக்கள் இரவிற் தோண்டி, பழைய குகைகளுக்கே கொண்டுசென்றனர். காரணம் வினவியபோது, மண்ணின் பாரத்தால் இறந்தோர் வருந்துவர் என்றும், அன்பினாலேயே அவ்வாறு செய்ததாகவும் அவர்கள் விடையிறுத்தனர். பேரரசின் வழிபாடு சொத்தைச் சார்ந்திருந்தமையால் சொத்தோடு மறைந்தது. குடியானவரின் வழிபாடு வீட்டு உலையைச் சார்ந்திருந்தமையால் நிலைத்தது.

எனினும், இன்றைய வழக்கங்கள் யாவும் இன்காக் காலத்தின் அறாத தொடர்ச்சி எனக் கொள்வதும் பொருந்தாது. நவம்பர் தொடக்கத்தில் பெருவிலும் பொலிவியாவிலும் இறந்தோருக்குக் குழந்தை வடிவ ரொட்டியும் உணவும் படைக்கப்படுகின்றன, நாள் கத்தோலிக்கருடையது. நவம்பர் 8 ஆந் திகதி லாபாஸ் நகர மயானத்துக்கு 'நியாதித்தா' எனப்படும் மண்டையோடுகள் பூச்சூடிக் கொண்டுவரப்பட்டு, கோக்கா இலையும் சிகரெட்டும் பெறுகின்றன. அவற்றுட் பல உறவினருடையவையல்ல. கூஸ்கோவை அடுத்த சொங்கோ கிராமத்தை ஆராய்ந்த கதரின் அலன், பண்டைய இறந்தோர் அங்கு காவலராகவும் தீங்கு செய்வோராகவும் இருவகையிற் கருதப்படுவதை 1988 இல் வெளியான தம் நூலில் விளக்கினார். மூதாதையர் மாறினர், அச்சமும் புகுந்தது. மாறாதிருப்பது, ஊட்டினால் காப்பர் என்ற கொடுக்கல் வாங்கல் உறவேயாம்.

இந்நிலையில் அருங்காட்சியகங்களின் போக்கு ஆராயத்தக்கது. 1995 இல் அம்பாதோ மலையிற் கண்டெடுத்த 'ஹுவானித்தா'வும், 1999 இல் 6739 மீற்றர் உயரமான லுல்லையாக்கோ மலையிற் கண்டெடுத்த மூன்று சிறாரும் 'இன்கா மம்மிகள்' என உலகப்புகழ் பெற்றனர். இவர்கள் அரச மல்கிகளல்லர். மலைத்தெய்வங்களுக்குப் பலியிடப்பட்ட சிறுவர். அவர்தம் உடலைக் காத்தது மலையின் குளிர். லுல்லையாக்கோச் சிறுமி 2007 இல் ஆர்ஜென்ரீனாவின் சால்தா நகரிற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது பூர்வகுடி அமைப்புகள் சில எதிர்ப்புத் தெரிவித்தன. பூர்வகுடிகளின் எச்சங்களை உரிய சமூகங்கள் கோரினால் ஒப்படைக்க வழிசெய்யும் சட்டம் அந்நாட்டில் 2001 இலேயே இயற்றப்பட்டிருந்தது.

குளிரூட்டிய கண்ணாடிப் பேழை உடலை எந்த மல்கியையும்விடச் செம்மையாகக் காக்கவல்லது. ஆயினும் அங்கு அவ்வுடலுக்கு உணவளிப்பார் இல்லை. அதன் சார்பிற் பேச உரிமையுடையார் யார் என்பதும் தீர்க்கப்படவில்லை. அறிவியல் தரும் செய்திகளின் பெறுமதியை மறுக்காமலே, இவ்வினாவை எழுப்புதல் ஆய்வாளரின் கடமையாகும். இறந்தோர் பொருள்களல்லர், உறவினர் என்பதே மல்கி என்ற சொல் உணர்த்தும் உண்மை. அதனை மறந்த ஆய்வு பதனிட்ட உடலையே கண்டதாகும்.