கம்பி நீட்டிய வீடுகள்

சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். ஒரு டிக்கெட் செலவில் தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றையே பார்த்துவிடலாம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இதே தடத்தில்தான். சுமார் நூறு வருஷம் கழித்துத் தொழிற்சாலைகள் இந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மேற்கே நகர ஆரம்பித்தன. அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ். பெரம்பூரில் 1955-ல் ஐ.சி.எஃப். அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்கி ஃபேக்டரி. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி ஆவடியிலிருந்துதான் வெளியே வந்தது.

தொழிற்சாலை வந்தால் ஆள் வரவேண்டும். ஆள் வந்தால் வீடு வேண்டும். அந்த வீடுகளைப் பற்றித்தான் இந்த வாரம்.

கோயில் கோபுரம் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். செட்டிநாட்டுத் தூண்களுக்குப் பளபளப்பான புத்தகங்கள் உண்டு. டைப் டூ குவார்ட்டர்ஸ் பற்றி யாராவது நாலு வரி எழுதியிருக்கிறார்களா? அதுவும் கட்டடக்கலைதான் சார்.

ஐ.சி.எஃப். காலனியிலோ ஆவடி ஃபேக்டரி எஸ்டேட்டிலோ ஒருமுறை நடந்து பாருங்கள். கட்டடங்கள் அழகு என்று சொல்ல மாட்டேன். மஞ்சள் சுண்ணாம்பு, சிமென்ட் ஜாலி, ஒரே அச்சில் வார்த்த மாடிப்படி. பதவிக்குத் தக்கபடி டைப் ஒன், டைப் டூ என்று ஏறிக்கொண்டே போகும். விலாசத்தைச் சொன்னாலே சம்பளம் தெரிந்துவிடும், இது ஒரு குறை. ஆனால் கட்டடங்களுக்கு நடுவில் விட்ட இடம் இருக்கிறதே, அதற்கு முழு மார்க் போடலாம். தெருவுக்கு நிழல், பையன்களுக்கு கிரிக்கெட் மைதானம், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அந்த டாங்கியின் பெயரான விஜயந்தாவையே வைத்தார்கள். ஊரும் தொழிலும் அவ்வளவு நெருக்கம்.

ஒரே சங்கடம், ரிட்டயரானால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த முருங்கை மரம் அடுத்தவருக்கு.

இந்தச் சங்கடம் அமெரிக்காவிலும் இருந்தது. சிகாகோவுக்குத் தெற்கே ரயில் பெட்டி செய்த ஜார்ஜ் புல்மன் 1880-ல் தன் தொழிலாளிகளுக்காக ஓர் ஊரையே கட்ட ஆரம்பித்தார். செங்கல் வரிசை வீடுகள், பூங்கா, நூலகம், கடைத்தெரு எல்லாம் உண்டு. பார்க்க உலகமெல்லாமிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆனால் வீடு வாடகைக்குத்தான், விலைக்குக் கிடையாது. 1893-ல் மந்தம் வந்ததும் கூலியைக் குறைத்தார். வாடகையைக் குறைக்கவில்லை. 1894-ல் வெடித்த வேலைநிறுத்தம் பாதி நாட்டின் ரயில்களை நிறுத்தியது. 1898-ல் கோர்ட்டு, தொழிற்சாலைக்குத் தேவைப்படாத சொத்தையெல்லாம் விற்றுவிடச் சொன்னது. வீடுகள் குடியிருந்தவர்கள் கைக்குப் போயின. 1960-ல் அந்த ஊரை இடிக்க ஒரு திட்டம் வந்தபோது, குடியிருந்தவர்களே சங்கம் கூட்டித் தடுத்தார்கள். 2022-லிருந்து அது தேசிய வரலாற்றுப் பூங்கா. நன்றாகப் போட்ட தெருவும் சொந்த வீடும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் பிழைத்த ஊர் அது.

நம் பக்கம் இவை இரண்டும் சேரவில்லை. குவார்ட்டர்ஸில் தெரு இருந்தது, சொந்தம் இல்லை. சொந்தம் தேடியவர்கள் அதே ரயிலில் இன்னும் மேற்கே போனார்கள். சென்ட்ரலிலிருந்து 29-வது கிலோமீட்டரில் திருநின்றவூர். பழைய ஆட்கள் வாயில் தின்னனூர்.

பி.எஃப். பணம், சொசைட்டி லோன், மனைவியின் வளையல் எல்லாம் சேர்ந்து அரை கிரவுண்டு ஆனது. வீட்டின் அமைப்பு உங்களுக்கே தெரியும். கிரில் கேட், ஸ்கூட்டர் நிற்க ஒரு போர்ட்டிகோ, வாடகைக்காரர் தனியாக ஏற வெளிப்பக்கம் மாடிப்படி, மேலே கறுப்புத் தண்ணீர் டேங்க். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். பையன் வேலைக்குப் போனதும் மேலே ஒரு மாடி எழுப்பலாம் என்று விட்டு வைத்தது. மற்ற இடத்தில் கம்பி நீட்டினால் ஓடிப்போனதாக அர்த்தம். இங்கே கம்பி நீட்டியவர்கள் காத்திருக்கிறார்கள். துருப்பிடித்த அந்தக் கம்பிகளை அசிங்கம் என்று சொல்லும் ஆர்க்கிடெக்டுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த வட்டாரத்தின் நேர்மையான அலங்காரம் அதுதான்.

என் புகார் வீட்டைப் பற்றி அல்ல, கேட்டுக்கு வெளியே இருப்பதைப் பற்றி. ஒவ்வொரு நகரும் தனித்தனியாகப் போட்ட மனை. ஒரு நகரின் தெரு அடுத்த நகரின் காம்பவுண்டில் போய் முட்டும். மரத்துக்கு இடமில்லை. கிழவர்கள் உட்காரத் திண்ணை இல்லை. மழைத் தண்ணீர் ஏரிக்குப் போக வந்த வழியில் வீடு. 2021 மழையில் ஏரியோரத்து நகர்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நின்றபோது, ஆயுள் சேமிப்பே மிதந்தது. அந்த வருஷம்தான் பேரூராட்சி நகராட்சியானது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இன்னும் மோசம். வடக்கிலிருந்து வந்த பையன்களுக்கு வரிசையாக ஒற்றை அறைகள், அவ்வளவுதான். அதைக் குவார்ட்டர்ஸ் என்றும் சொல்ல முடியாது, மனை என்றும் சொல்ல முடியாது.

இதே திருநின்றவூரில்தான் பூசலார் வாழ்ந்தார். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கற்றளியின் குடமுழுக்கைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு சிவன் இங்கே வந்தார் என்பது பெரியபுராணம். சேக்கிழார் அதில் ஒரு விவரம் சேர்க்கிறார்: பூசலார் கோயிலோடு நிறுத்தவில்லை, கிணறு எடுத்தார், குளமும் தோண்டினார். கற்பனையில் கட்டியவருக்கே தண்ணீருக்கு இடம் விடத் தோன்றியிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு லே-அவுட் வரைபடம் ஒன்று மடித்து வைத்திருப்பீர்கள். எடுத்துப் பாருங்கள். பெரிய லே-அவுட் என்றால் பத்து சதவீதம் பொது இடமாக விடவேண்டும் என்பது விதி. 'பூங்கா' என்று எழுதிய கட்டம் ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.