இருபா இருபஃதும் அதன் வினாவும்

கல்வராயன் மலையினின்று இழிந்து வருங் கோமுகியாறு வடக்கனந்தலுக்கு அண்மையில் 46 அடி நீர் கொள்ளும் அணையிலே தேங்குகின்றது. மழைக்காலத்து மலைநீர் கலங்கியே வரும். அணையில் நின்று மண்டி படிந்த பின்னரே தெளிவெய்தி வாய்க்கால்வழி வயலை அடையும். அறிவுநூல் செய்வார்க்கும் இந்நிலை உண்டு. கற்றதனைப் பாட்டாக்குங்கால் பெருகிவரும் பொருள், மீட்டும் ஒருமுறை நிறுத்தி நோக்கப்படுங்காலன்றித் தெளிவதில்லை. இதற்குச் சான்று அந்நடுநாட்டிலேயே உளது.

வடக்கனந்தலுக்குக் கிழக்கே, பெண்ணையாற்றின் தென்கரையிலுள்ள திருவெண்ணெய்நல்லூரில், கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தை 12 சூத்திரங்களால் அருளிச்செய்தார். திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியர் அதற்கு வழிநூலாகச் சிவஞான சித்தியாரை இயற்றினார். அதன் பரபக்கம் 301 செய்யுட்களால் 14 மதங்களை மறுப்பது. சுபக்கம் 328 செய்யுட்களால் தன்மதம் நிறுவுவது. அவரே செய்த மற்றொரு நூல் இருபா இருபஃது. வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறிமாறி வர அந்தாதித்து நடக்கும் 20 பாடல்களே அதன் அளவு.

சித்தியாரைக் கற்பார் சிலர் இச்சிறுநூலைக் குருதுதி என்று கருதி விரைந்து கடப்பர். அது பொருந்தாது. இரண்டும் கூறும் பொருள் ஒன்றாயினும், கூறுவார் நிற்கும் இடம் வேறு. சித்தியார், நெல்லின் உமியும் செம்பின் களிம்பும் உவமையாக, ஆணவத்தை எல்லா உயிர்க்கும் பொதுவாக வைத்து விளக்கும். இருபா இருபஃதோ, அம்மலம் என்னைப் பற்றியது எவ்வாறு, அருள் என்னுடன் நின்றும் அறியாமை நீங்காமை எவ்வாறு என்று ஆசிரியரையே வினவும். முன்னதில் உமி நெல்லின்மேலது; பின்னதில் பாடுவார்மேலது.

பேரறிஞராகிய அருணந்தியார் அறியாதார்போல் வினவியது மாணாக்கர் பொருட்டே என்பாரும் உளர். அவ்வாறாயின் வினாவும் விடையும் வேறுவேறாக அமைத்தலே எளிது. அவர் கொண்டதோ அந்தாதி. ஒரு பாட்டு முடிந்த சொல்லே அடுத்த பாட்டின் தொடக்கமாதலின், முடிந்தது என்று அமைதற்கு இடமில்லை. சொல்லிய சொல்லை மீட்டும் எடுத்து ஆராய்தல் வேண்டும். ஆகலின் ஈண்டு யாப்பே ஆராய்ச்சிக்குக் கருவியாயிற்று என்க. ஆணவத்தின் வடிவு யாது என்று வினவிய அவரை மெய்கண்டார் வாய்திறவாது நோக்கியருளினார் என்னும் வரலாறும் இதனோடு ஒக்கும். வினவி நின்ற அவரே விடையாயினார்.

குறையும் கூறத்தகும். பரபக்கத்திற் பிறர்மதம் மறுக்குமிடங்களில் வென்றார்க்குரிய மிடுக்குச் சிலவிடத்து விஞ்சித் தோன்றும். சிறுநூலில் அது முற்றும் அடங்கிற்று. வாதஞ் செய்தற்கே சித்தாந்தம் பயில்வார் பரபக்கத்தோடு நின்றுவிடுவர்; அவர்க்குப் பிறர் பிழை விளங்கும், தம் மலம் விளங்காது.

மீளச் சொல்லுதலாற் புதியதொரு தத்துவம் பிறந்ததில்லை. பதி, பசு, பாசம் மூன்றும் முன்போலவே நின்றன. பிறர்க்கு உரைத்த உபதேசத்தை முதற்கண் கேட்டற்குரியவர் உரைத்தவரே என்பது மட்டும் தெளிந்தது. சித்தியாரைக் கற்று முடித்தோம் என்பார் இவ்விருபது பாட்டையும் மெல்ல ஓதுவாராக. கற்றது தம்மைச் சேர்ந்ததோ என்பது அப்பொழுது புலனாம்.

திருச்சிற்றம்பலம்.