விபத்து என்று சொல்லித் தப்ப இயலுமா?
2025 கான் திரைப்பட விழாவில் மூன்று படங்கள்

பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள கான் நகரில் ஆண்டுதோறும் உலகத் திரைப்பட விழா நடைபெறுகிறது. இதன் 78ஆவது விழா 2025 மே 13 முதல் 24 வரை நிகழ்ந்தது. திரைப்படத்தைச் சோதனைக்குரிய பொருளாக மட்டுமே கருதிவந்தோருக்கு ஒரு செய்தியை நினைவூட்டலாம். 1974ஆம் ஆண்டு முதல் இவ்விழாவில் திருச்சபை ஒருமைப்பாட்டு நடுவர் குழு ஒன்று அமர்ந்து, தான் தகுதியுடையதெனக் காணும் படத்திற்குப் பரிசு வழங்கிவருகிறது. சீர்திருத்தத் திருச்சபைகளின் சார்பில் தோன்றிய இன்டர்பிலிம், கத்தோலிக்கரின் சிக்னிஸ் ஆகிய இரு அமைப்புகளும் இக்குழுவின் உறுப்பினரை நியமிக்கின்றன. ஆகவே, இப்படங்களைத் திறனாய்வது நமக்குப் புறம்பான வேலை அன்று.

2025இல் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டவற்றுள் மூன்று படங்களை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். மூன்றும் வெவ்வேறு நாட்டில் நிகழும் கதைகள். எனினும் ஒரே கேள்வியைச் சுற்றி அவை நிற்கின்றன: இழைக்கப்பட்ட தீங்கு இன்னதென்று பெயரிட்டுச் சொல்லப்படாத இடத்தில் மன்னிப்பு என்பது இருக்க இயலுமா?

1. இருளில் கேட்ட காலடி

விழாவின் தலையாய பரிசான தங்கப்பனை, ஈரானிய இயக்குநர் ஜாபர் பனாஹியின் 'அது வெறும் விபத்து' என்னும் படத்திற்குக் கிட்டியது. பனாஹிக்கு 2010இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனையும் இருபதாண்டுகள் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. 2022 ஜூலையில் சிறைப்பட்ட அவர், உண்ணாநோன்பு தொடங்கியபின் 2023 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார். இப்படத்தையும் அரசின் அனுமதியின்றியே எடுத்தார். சிறையில் தாமும் பிறரும் பட்ட பாடுகளே இக்கதையின் ஊற்று.

இரவில் ஒரு குடும்பம் காரில் செல்கிறது. வண்டியில் ஒரு நாய் அடிபட்டு இறக்கிறது. இது விபத்துதான், கடவுள் ஏதோ காரணத்தோடு அதை வழியில் விட்டிருப்பார் என்று தாய் தேற்றுகிறாள். சிறுமியோ அதை ஏற்கவில்லை. கொன்றவர் தன் தந்தையே என்கிறாள். படத்தின் முழுப் பொருளும் இந்தச் சிறு உரையாடலில் அடங்கியிருக்கிறது எனலாம். தன் செயலுக்கு விபத்து என்று பெயரிட்டு, அதன் பொறுப்பைக் கடவுள்மேல் சுமத்துவது மனிதனின் பழைய வழக்கம். அதை ஒரு குழந்தை கண்டுகொள்கிறது.

பழுதான அந்தக் கார் நிற்கும் இடத்தில் வாகித் என்னும் தொழிலாளி, ஓட்டிவந்தவனுடைய செயற்கைக் காலின் கிறீச்சொலியைக் கேட்கிறார். கொடுக்கப்படாத கூலியைக் கேட்டதற்காகச் சிறைப்பட்ட அவரை, கண்களைக் கட்டி வதைத்தவனின் காலடி ஓசை அது. மறுநாள் அவனைக் கடத்திச் சென்று பாலைநிலத்தில் உயிரோடு புதைக்க முயல்கிறார். நான் அவன் அல்லன் என்று அவன் கதறவே, வாகித்தை ஐயம் பற்றுகிறது. அவன் முகத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லையே!

ஆகவே, அவனை வேனிலுள்ள பெட்டியில் அடைத்துக்கொண்டு, அவனிடம் வதைபட்ட மற்றவர்களைத் தேடிச் செல்கிறார். ஷிவா என்னும் புகைப்படக்காரர் அவனை வியர்வை நாற்றத்தால் அறிய முயல்கிறார். ஹமீத் அவனுடைய காலைத் தடவி அறிகிறார். இக்காட்சிகளைக் காணும் திருமறை மாணவர்க்குப் பார்வை மங்கிய ஈசாக்கு நினைவுக்கு வராமற் போவதில்லை. அவரும் தடவிப் பார்த்தார், ஆடையின் வாசனையை முகர்ந்தார், குரலைக் குறித்து ஐயுற்றார், ஆயினும் ஏமாந்தார். கண் கட்டப்பட்டவனிடம் சாட்சி கேட்பது எத்துணைக் கொடிது என்பதைப் பனாஹி நகைச்சுவையோடேயே உணர்த்துகிறார். கைலஞ்சம் வாங்கும் காவலர், பணமில்லையென்றால் அட்டையைத் தேய்க்கும் பொறியை நீட்டுகின்றனர். நாம் நகைக்கிறோம், பெட்டிக்குள் ஒரு மனிதன் கிடக்கிறான் என்பதை மறந்து நகைக்கிறோம்.

இதற்கிடையே அடைபட்டவனின் கைப்பேசி ஒலிக்கிறது. பேசுவது அவனுடைய சிறுமகள். நிறைசூலியான தாய் மயங்கிக் கிடக்கிறாள் என்கிறாள். பழிவாங்க வந்தவர்களே அவளை மருத்துவமனையில் சேர்க்கின்றனர். பகைவனின் மனைவிக்குச் செய்த இந்த உதவியைப் படம் புகழ்ந்துரைப்பதில்லை. கேட்டபோது செய்யாமலிருக்க அவர்களால் இயலவில்லை, அவ்வளவே. அவர்களை வதைத்தவனோடு அவர்களுக்குள்ள வேற்றுமை இங்குதான் வெளிப்படுகிறது.

இறுதியில் மரத்தில் கட்டப்பட்டு, வண்டியின் சிவந்த பின்விளக்கொளியில், அவன் முதலில் தன் செயலைப் பெருமையாகப் பேசுகிறான். பின்பு உடைந்து அழுது மன்னிப்பு வேண்டுகிறான். அவனை உயிரோடு விட்டுச் செல்கின்றனர். ஆனால், மன்னித்தோம் என்னும் சொல்லைப் படம் நமக்குத் தருவதில்லை. கடைசிக் காட்சியில் வாகித்தின் முதுகுக்குப் பின்னே அதே கிறீச்சொலி கேட்கிறது.

இவ்விடத்தில் எங்கேதிக் குகையை நினைக்கிறோம். தாவீது சவுலின் உயிரை விட்டுவைத்தான். ஆயினும் அறுத்த துண்டைக் கையில் ஏந்தி, தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை உரத்துச் சொன்னான். சவுல் அழுதான். அதன்பின் சவுல் தன் வீட்டிற்கும் தாவீது அரணான இடத்திற்கும் போயினர். இருவரும் ஒன்றாய்த் திரும்பவில்லை. சவுலின் படை பின்னர் மீண்டும் தேடி வந்தது. உயிரை விட்டுவைப்பது வேறு, ஒப்புரவு வேறு என்பதைத் திருமறை அறிந்திருக்கிறது. பனாஹியின் படமும் அறிந்திருக்கிறது.

படத்தில் குறையில்லாமல் இல்லை. வேனுக்குள் நிகழும் வாதங்கள் சிலவிடத்து மேடைப்பேச்சாகின்றன. மணமகன் பாத்திரம் எதிர்வாதம் கூறுவதற்கென்றே அமைந்ததுபோலத் தோன்றுகிறது. எனினும் முடிவின் அந்த ஒலி எல்லாக் குறைகளையும் மறக்கச் செய்கிறது.

2. நாடாவில் எஞ்சிய குரல்

பிரேசில் நாட்டு கிளேபர் மென்டோன்சா பில்யோ இயக்கிய 'இரகசிய முகவர்' சிறந்த இயக்கத்திற்கும், நடிகர் வாக்னர் மோராவின் வழியே சிறந்த நடிப்பிற்கும் பரிசுகள் பெற்றது. 1977இல், இராணுவ ஆட்சியின்போது, ரெசிபே நகரில் ஒளிந்து வாழும் ஓர் ஆய்வாளரின் கதை இது. அவருடைய கொலை திரையில் காட்டப்படுவதில்லை. பழைய செய்தித்தாளின் வழியாகவே அறிகிறோம். அவர் குரல் ஒலிநாடாவில் எஞ்சியிருக்கிறது. நம் காலத்து மாணவி ஒருத்தி அதைக் கேட்டு, வளர்ந்துவிட்ட மகனைத் தேடிச் செல்கிறாள். தந்தையைப்பற்றி மகனைக் காட்டிலும் அவளே மிகுதியாய் அறிந்திருக்கிறாள்.

இதன் பின்னணியை வாசகர் அறிதல் நலம். பிரேசிலில் 1979இல் பொதுமன்னிப்புச் சட்டம் பிறந்தது. ஆட்சியை எதிர்த்தோரையும் அவர்களை வதைத்தோரையும் அது ஒருங்கே விடுவித்தது. நடந்தது யாதென ஆராயும் தேசிய உண்மை ஆணையம் தன் அறிக்கையை அளித்ததோ 2014இல். இறந்தோரும் காணாமற் போனோருமாக 434 பேரை அது பட்டியலிட்டது. மன்னிப்பு முன்னே சென்றது. உண்மை 35 ஆண்டுகள் கழித்து வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை தன் தந்தையரை அறியாமலே வளர்ந்துவிட்டது. படம் மிக நீண்டது, கிளைக்கதைகள் பல. ஆயினும் அந்த மகனுடைய வெறுமையான முகத்தில் இவ்வரலாறு முழுதும் தெரிகிறது.

3. இளந்தாய்மார்

திருச்சபை ஒருமைப்பாட்டு நடுவர் குழுவின் பரிசு, பெல்ஜியம் நாட்டு தார்தென் சகோதரர்களின் 'இளந்தாய்மார்' என்னும் படத்திற்கு வழங்கப்பட்டது. விழாவின் சிறந்த திரைக்கதைப் பரிசும் இதற்கே. லியேஜ் நகரத்துத் தாய்மைக் காப்பகத்தில் தங்கும் இளம்பெண்களின் கதை. ஒருத்தி தன்னைப் பிறப்பித்துக் கைவிட்ட தாயைத் தேடிக் கண்டு, ஏன் கைவிட்டாய் என்று கேட்கிறாள். மற்றொருத்தி தன் தாயின் விருப்பத்திற்கு மாறாக, மகவை வேறொரு குடும்பத்தில் ஒப்படைக்கத் துணிகிறாள்; தான் கண்ட வாழ்வு அதற்கு வாய்க்கலாகாது என்பதே அவள் கருத்து. இங்கும் தீங்கைப் பெயரிட்டுச் சொன்ன பின்னரே நம்பிக்கை பிறக்கிறது.

நடுவர் குழு இதனைத் தேர்ந்தது பொருந்தும். ஆயினும் ஒன்று சொல்லுவோம். தாய் சேய் கதையில் நம்பிக்கையைக் காண்பது நமக்கு எளிது. வதைத்தவனும் வதைபட்டவனும் ஒரே ஊரில் வாழவேண்டிய கதையில் அதைக் காண்பது அரிது. அரிதானதே நம் சிந்தனையை மிகுதியும் வேண்டி நிற்கிறது.

முடிவாக

அருட்பணியாளராகிய நம்மிடம் காயமுற்றோர் வருகின்றனர்: கணவனிடம் அடிபட்டவள், சாதியின் பெயரால் இழிவுபட்டவன், காவல் நிலையத்தில் மகனை இழந்தவர். மன்னித்துவிடுங்கள் என்று அவர்களிடம் நாம் விரைந்து சொல்லிவிடுகிறோம். தீங்கு செய்தவனிடம், நீ செய்தது இன்னது என்று சொல்ல அவ்வளவு விரைவதில்லை. மலிவான கிருபை என்று போன்ஹோபர் எச்சரித்தது இதையே அன்றோ? மன்னிப்பைப் போதிக்குமுன், அவர்கள் செவிகளில் இன்னும் ஒலிக்கும் காலடியோசையை அமர்ந்து கேட்போமாக. அதைக் கேளாதவனுடைய போதனை காயமுற்றோரை அடையாது.