குறும்பேரெழுத்தும் குறுக்கிய எழுத்தும்

ஆங்கில நூல்களில் அத்தியாயத்தின் முதற் சொற்களும் சுருக்கப் பெயர்களும் ஒருவகைத் தனி எழுத்தில் அமைந்திருப்பதை அன்பர்கள் கண்டிருப்பர். வடிவத்தால் அவை பேரெழுத்து. உயரத்தால் சிற்றெழுத்துக்கு ஏறத்தாழ ஒப்பானவை. ‘ஸ்மால் கேப்பிட்டல்ஸ்’ எனப்படும் இவற்றைக் குறும்பேரெழுத்து என வழங்கலாம். பேரெழுத்தைச் சுருக்கினாலே இது கிடைத்துவிடும் என்ற எண்ணம் நம் பள்ளி மலர்களைத் தொகுப்போரிடம் பரவியுள்ளது. அது பொருந்தாது.

எழுத்தைச் சுருக்கினால் உயரத்தோடு கோட்டின் தடிப்பும் குறைகிறது. இதனை அறிந்தே பழைய அச்செழுத்து வெட்டுநர் குறும்பேரெழுத்தைத் தனியே வெட்டினர். இன்றைய இன்டிசைன் மென்பொருளோ, எழுத்துருவில் அது இல்லாதவிடத்துப் பேரெழுத்தை நூற்றுக்கு 70 அளவாகச் சுருக்கித் தருகிறது. 10 புள்ளி வரியில் 7 புள்ளி எழுத்தைச் செருகியது போல் அது வெளிறி நிற்கும். மெய்யான வடிவம் அயலெழுத்தோடு தடிப்பொத்துச் சற்றே அகன்றிருக்கும். 1947 முதல் 1949 வரை பெங்குயின் பதிப்பகத்தின் அச்சமைப்பைச் சீர்செய்த யான் சிகோல்ட், இவ்வெழுத்துகளுக்கிடையே சிறிது இடமும் விடவேண்டும் என விதித்தார்.

மென்பொருளை மட்டும் குறைகூறல் முறையன்று. ‘கேரக்டர் ஸ்டைல்’ என்னும் எழுத்துப் பாணியை ஒருமுறை அமைத்துப் பெயரிட்டால் மலர் முழுதும் அதனையே இடலாம். ஓரிடத்தில் திருத்தினால் எங்கும் திருந்தும். ஆனால் ‘ஸ்மால் கேப்ஸ்’ சிற்றெழுத்தை மட்டுமே மாற்றும். பேரெழுத்திலேயே தட்டிய எஸ்.பி.எம். போன்ற பெயர் அசையாது நிற்கும். அதற்கு ‘ஆல் ஸ்மால் கேப்ஸ்’ வேண்டும். எழுத்துருவில் அவ்வசதி இல்லையெனில் ஓப்பன்டைப் பட்டியலில் அப்பெயர் சதுர அடைப்புக்குள் தோன்றும். அடைப்பைக் கண்டால் எழுத்துருவை மாற்றுவதே வழி.

நம் கவலை இதனினும் பெரிது. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே இப்பாணியைத் தமிழ் வரிக்கு இட்டால் ஒன்றும் நிகழாது. அதோடு அமையாமல், மேலுள்ள மலாய்த் தலைப்புக்கு இணையாக இருக்கட்டும் என்று தமிழ் வரியைக் கையாலேயே சுருக்குகின்றனர் சிலர்! முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று விரல் பிடித்து எழுதிக் காட்டுகிறோம். சுருங்கிய வரியில் சுழிகளுக்குள் மை நிரம்பி இரண்டும் ஒன்றாகின்றன. மெய்யின் புள்ளியும் மறைகிறது. கண்ணன் என்ற பெயரையே எடுத்துக்கொள்க. அதில் ணகரம் இரண்டு, னகரம் ஒன்று, புள்ளி இரண்டு. அத்தனையும் தெரியாவிட்டால் அப்பிள்ளை தன் பெயரைத் தன் பள்ளி மலரில் எங்ஙனம் காண்பான்?

மலாய்ப் பெயர் குறும்பேரெழுத்தில் நிற்க, தமிழ்ப் பெயர் உரையளவிலேயே தடித்த எழுத்தில் நிற்கலாம். உயரம் ஒவ்வாது தோன்றினால் ரூமி எழுத்தின் அளவையே சிறிது கூட்டுக. அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு பக்கத்தை மெய்யளவில் தாளில் எடுத்து, இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் படிக்கக் கொடுத்துப் பார்க்கலாம்.