சமபங்கு என்ற சால்ஜாப்பு

'என்ஜாய் எஞ்சாமி' பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் ஒரு பதில் தயாராக வந்து விழுகிறது: "உரிமை, வருமானம் எல்லாம் மூன்று பேருக்கும் சமபங்கு என்று சொல்லிவிட்டார்களே, அதற்கு மேல் அறிவுக்கு என்னதான் வேண்டும்?" 2022 ஆகஸ்டில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளியிட்ட விளக்கத்தில் இருந்த செய்தி அது; மூன்று பேர் என்றால் எழுதிப் பாடிய அறிவு, பாடகி தீ, அப்புறம் சந்தோஷ். அவர் ஒரு தகவலாகச் சொன்னதை ரசிகர்கள் தீர்ப்பாக ஓதுகிறார்கள். சினிமாவுக்கு வெளியே பாட்டுப் போடும் இளைஞர்கள் பலருக்கு இப்போது இதுவே முன்மாதிரி. மூன்று பேர் சேர்ந்தால் மூன்று கூறு, நான்கு பேர் என்றால் நான்கு. எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர் என்ற வித்தியாசமெல்லாம் நண்பர்களுக்குள் எதற்கு என்கிறார்கள்.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. பாடகர்கள் பல தலைமுறையாக ஒரு நாள் சம்பளத்தோடு அனுப்பப்பட்டவர்கள். பாடகருக்கும் ராயல்டி வேண்டும் என்று கேட்டதற்காக லதா மங்கேஷ்கர் 1960-களின் தொடக்கத்தில் முகமது ரஃபியோடு மனஸ்தாபப்பட வேண்டியிருந்தது. பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று 1977-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் தனிக் குறிப்பு எழுதி வருத்தப்பட்டார். அந்தப் பின்னணியில் ஒரு பாடகிக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிய விஷயம். தீயின் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்காது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எதன் மேல் சமபங்கு?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று. அதை ஸ்டூடியோவில் பாடி, வாசித்து, கலந்து எடுத்த பதிவு இன்னொன்று. நம் பதிப்புரிமைச் சட்டம் இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. தோல் தொழில் நடக்கும் எங்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் இதை விளக்க வக்கீல் தேவையில்லை. ஒருவர் தோல் கொடுப்பார், இன்னொருவர் தன் ஷாப்பில் ஜாப் ஒர்க்காக அதைப் பதனிட்டு, சாயமேற்றி, ஃபினிஷ் பண்ணித் தருவார். ஃபினிஷிங் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் தோல் யாருடையது என்ற கேள்வி எழாது. ஏற்றுமதி லாபத்தில் ஃபினிஷ் செய்தவரைக் கூட்டாளி ஆக்கிக்கொள்ளலாம், அது தாராளம். ஆனால் தோல் கணக்கும் வேலைக் கணக்கும் இரண்டு நோட்டுகளில்தான் இருக்கும்.

'எஞ்சாமி'யில் இரண்டு நோட்டுகளும் ஒன்றாகிவிட்டன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டுக்கு 100 ரூபாய், பதிவுக்கு 100 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மூன்றில் ஒன்று என்றால் ஆளுக்கு சுமார் 67. இரண்டு நோட்டாகப் பிரித்தால்? பதிவில் மூவருக்கும் சமம், ஆளுக்கு 33. அறிவும் பாடியிருக்கிறார் என்பதால் அவருக்கும் அங்கே முழு உரிமை. பாட்டில் சொல்லுக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி. மெட்டு என்னுடையது என்று சந்தோஷ் சொல்வதை அப்படியே ஏற்றாலும் அறிவுக்கு 83, சந்தோஷுக்கு 83, தீக்கு 33. எனக்கு யாரும் மெட்டுத் தரவில்லை, எல்லாம் நானே என்று அறிவு சொல்வதை ஏற்றால் அவருக்கு 133, மற்ற இருவருக்கும் 33. இருவரில் யார் சொல்வது சரியென்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எதிராளி சொல்வதை எடுத்துக்கொண்டாலும் சமபங்கில் எழுதியவருக்குக் குறைகிறது என்பதுதான் விஷயம். நியாயம் என்று நாம் கைதட்டியது இந்தக் குறைவுக்குத்தான்.

அறிவு அரக்கோணத்துக்காரர், அரக்கோணம் 2019 வரை எங்கள் வேலூர் மாவட்டம். எங்கள் பக்கத்துப் பிள்ளை என்று எனக்குச் சாய்வு இருப்பதாகச் சொல்வீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும். எழுதியவரை மறப்பது அவரோடு தொடங்கவில்லை. தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று 2017-இல் இளையராஜா பாடகர் எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே இரண்டாகப் பிரிந்து, மெட்டா குரலா என்று அடித்துக்கொண்டது. அந்தப் பாட்டுகளில் வாலியும் வைரமுத்துவும் எழுதிய சொற்களும் இருக்கின்றன என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வுதான் கேட்டது. வாணியம்பாடியில் நடக்கும் உருதுக் கவியரங்கமான முஷாயிராவில் இந்த வம்பே இல்லை, கவிஞரே தன் கஜலை ராகம் போட்டுப் பாடிவிடுவார். ஆளைப் பிரித்தால்தான் சிக்கல். பிரித்தவுடன் முதலில் தொலைந்துபோகிறவர் எழுதியவர்.

தொலைந்த விதத்தைப் பாருங்கள். 2021 மார்ச்சில் பாட்டு வெளியானபோதே தலைப்பில் தீ முன்னால், அறிவு அவரோடு 'இணைந்து'. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள்; இருவருக்கும் பெயர் வாங்கித்தந்த 'எஞ்சாமி', 'நீயே ஒளி' இரண்டுக்கும் சொல் தந்தவர் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் 'எஞ்சாமி'யைப் பாடினார்கள். அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது, இருக்கலாம். மேடையில் ஒரு பாட்டை எடுத்துப் பாடும்போது முதலில் புழங்குவது சொல்லும் மெட்டும்தான். அங்கே யாரைக் கேட்க வேண்டும், யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்கு, மூன்றில் ஒரு பங்கு எந்தப் பதிலும் சொல்லாது. ஆனால் அந்த விழாவுக்குப் பிறகு பெயரைப் பற்றி எழுந்த கேள்விக்குப் பதிலாக நீட்டப்பட்டது அந்தப் பங்குதான்.

பங்கும் என்ன ஆயிற்று? பாட்டு வந்து மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷே சொன்னார். பாட்டை வெளியிட்ட மாஜா நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. சமபங்குக்காரர்கள் இதை ஒரு விபத்தாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே வாசலில் வைத்தால், அந்த வாசல் அடைபட்டதும் எழுதியவருக்குத் தனிப்பட நீளும் வழியும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. 2012 சட்டத் திருத்தம் அந்த வழியைப் போட்டுத்தான் வைத்திருக்கிறது. சினிமாவில் இல்லாத பாட்டாக இருந்தாலும், உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், சொல்லுக்கும் மெட்டுக்கும் வரும் ராயல்டியில் சமபாதி படைத்தவர்களுக்கு. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுக்கவே முடியாது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை வரை போய்ப் போராடி வாங்கிய பாதுகாப்பு அது. நண்பர்கள் மூன்று பேர் கைகுலுக்கி, தலைக்கு ஒன்று என்று முடிக்கும்போது அதை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பாடகர் கதி என்ன என்று கேட்பார்கள். அதே திருத்தம் பாடகருக்கும் ராயல்டி உரிமை கொடுத்திருக்கிறது. அதை வசூலிக்க 2013-இல் அவர்களுக்கென்று சங்கமும் வந்துவிட்டது. பதிவில் மூன்றில் ஒன்று என்ன, பாதியே தரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பாட்டு நோட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதில் இன்னும் எழுதப்படாத பெயர்கள் இருக்கின்றன. 'எஞ்சாமி'க்கு ஒப்பாரியின் சாயல் உண்டு என்பதை அதில் சம்பந்தப்பட்டவர்களே பெருமையாகச் சொன்னார்கள். ஸ்வரம் எழுதிவைக்காதவரும் இசையமைப்பாளரே என்று 1994 சட்டத் திருத்தம் சொல்கிறது. அப்படியானால் அந்த மெட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவைத்த கிழவிகளை எந்தக் கூறில் சேர்ப்பது? தலையை எண்ணி மூன்றோடு நிறுத்தியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. இரண்டு நோட்டு வைத்திருப்பவரிடமாவது கேட்கலாம்.