கதைக்கு முன்னால் ஒரு வரைபடம்

மாயாஜால நாவல் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது வரைபடத்தைத்தான். இப்போது படித்துக்கொண்டிருப்பது உர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968-இல் வந்தது. புரட்டியதும் கடல், அதில் பொரி தூவினாற்போல் தீவுகள். எழுத உட்காரும் முன்பே லெ குவின் இவற்றை வரைந்து பெயரிட்டுவிட்டார்.

அதன் பலன் கதை நெடுகத் தெரிகிறது. நாயகன் கெட் பிறந்த கோண்ட் தீவு, கடலிலிருந்து எழும் ஒற்றை மலை. மந்திரம் பயிலும் பள்ளி ரோக் தீவில். தன் செருக்கால் உலகுக்குள் விட்டுவிட்ட நிழலைத் துரத்தி, சின்னப் படகில் அவன் கிழக்கே போகப் போக, படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் வரைபடத்துக்குப் போய்ப் போய் வருகிறேன். கடைசித் தீவையும் தாண்டிவிட்டால் பார்க்க எதுவும் இல்லை, தாளின் ஓரம்தான். அங்கே பிடித்த பயத்தை எந்த வர்ணனையும் தந்திருக்காது.

எல்லா வரைபடங்களையும் எழுதியவரே வரைவதில்லை. 1954-இல் டோல்கீனின் நாவலுக்கு வரைபடம் வரைந்தவர் அவர் மகன் கிறிஸ்டோபர். மலைத்தொடர்களை அவர் கோடுகளால் எழுப்பியிருக்கும் அழகே தனி.

வரைபடம் தேடும் இந்தப் பழக்கம் புத்தகத்தோடு நிற்பதில்லை. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கண்மாய், கோயில், ரயில்வே கேட் என்று மனசு தானாகப் படம் போடத் தொடங்கிவிடுகிறது.

லெ குவினின் நாவலை மட்டும் அச்சுப் புத்தகமாக வாங்கிப் படியுங்கள். கைபேசித் திரையில் அந்தத் தீவுகளின் பெயர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை.